நெப்டியூனின் நிலவும் ஒரு பொய் வளையமும்

1846-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். இங்கிலாந்தின் லிவர்பூல் நகருக்கு வெளியே, தம் வீட்டை ஒட்டித் தாமே அமைத்த தொலைநோக்கியின் வழியே ஒருவர் நெப்டியூன் கோளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கோள் கண்டுபிடிக்கப்பட்டு மூன்று வாரங்கள்கூட ஆகவில்லை. அம்மாதத்தின் முதல் பாதியிலேயே அக்கோளின் அருகே இரண்டு புதுமைகள் அவருக்குத் தென்பட்டன. ஒன்று, சனிக்கு இருப்பது போன்ற ஒரு வளையம். மற்றொன்று, மிக மங்கலான ஓர் ஒளிப்புள்ளி.

இரண்டையும் பார்த்த கண் ஒன்றே, தொலைநோக்கியும் ஒன்றே. ஆயினும் அவற்றுள் ஒன்று மெய், மற்றொன்று பொய். எது மெய், எது பொய் என்று அவர் எவ்வாறு தெரிந்துகொண்டார்? ஒரு கண்டுபிடிப்பைக் காட்டிலும் அதைச் சோதித்த முறை நமக்கு அதிகம் கற்றுத் தரும் என்பதற்கு இந்த வரலாறு நல்ல எடுத்துக்காட்டு.

அவர் பெயர் வில்லியம் லாசல். அவர் பேராசிரியர் அல்லர். அரசு வானாய்வகம் எதிலும் சம்பளம் வாங்கியவரும் அல்லர். பீர் காய்ச்சி விற்பது அவர் தொழில்!

பீர் ஆலை முதலாளி

லாசல் 1799 ஜூன் 18-ஆம் நாள் போல்ட்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை இறந்துவிடவே, 1814 முதல் ஏழு ஆண்டுகள் லிவர்பூலில் ஒரு வணிகரிடம் தொழில் பழகினார். பிறகு சொந்தமாகப் பீர் ஆலை தொடங்கினார். லிவர்பூல் அப்போது வேகமாக வளர்ந்துவந்த துறைமுகம், வணிகம் செழித்தது. பல்கலைக்கழகத்தில் படிக்காத அந்த வணிகருக்கு இளமையிலிருந்தே வானத்தின்மீது தீராத ஆர்வம். ஆலையில் ஈட்டிய பணத்தை அந்த ஆர்வத்திற்கே செலவிட்டார்.

'அரசு வானாய்வகங்கள் இருக்கும்போது ஒரு வணிகருக்கு இதில் என்ன வேலை?' என்று நீங்கள் கேட்கலாம். கிரீனிச் போன்ற அரசு வானாய்வகங்களின் முதற்கடமை, கடலில் செல்லும் கப்பல்களுக்கு வழிகாட்டுவதற்காக விண்மீன்களின் இடங்களைத் துல்லியமாக அளப்பதும், சரியான நேரத்தைக் கணிப்பதுமே ஆகும். மங்கலான பொருள்களைத் தேடுவதற்குப் பெரிய தொலைநோக்கி வேண்டும்; பல இரவுகள் வேண்டும்; பலன் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. ஆகவே அந்த வேலை பெரும்பாலும் வசதி படைத்த ஆர்வலர்களின் பங்காக இருந்தது. அயர்லாந்தில் ராஸ் பிரபு என்னும் நிலக்கிழார் 6 அடி விட்டமுள்ள ஆடியைக் கொண்டு தொலைநோக்கி அமைத்தார். டாவெஸ் என்னும் பாதிரியார் இரட்டை விண்மீன்களை அளந்தார். லாசலும் இந்த வரிசையைச் சேர்ந்தவரே.

கையால் செய்த கண்

பெரிய தொலைநோக்கியைக் கடையில் வாங்க முடியாத காலம் அது. வேண்டுமென்றால் செய்துகொள்ள வேண்டும். லாசல் 9 அங்குல விட்டமுள்ள எதிரொளிப்புத் தொலைநோக்கியைச் செய்தார். அடுத்து 24 அங்குல ஆடி ஒன்றில் கை வைத்தார். ஆடியின் பரப்பு விட்டத்தின் இருபடியைப் பொறுத்தது. எனவே 9 அங்குல ஆடியைவிட 24 அங்குல ஆடி சுமார் 7 மடங்கு அதிக ஒளியைத் திரட்டும்.

இந்த ஆடி கண்ணாடியால் ஆனது அன்று. கண்ணாடிமேல் வெள்ளி பூசும் முறை தொலைநோக்கிகளுக்கு வந்தது 1850-களின் பிற்பகுதியில்தான். அதுவரை செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கிக் கலந்து வார்த்த வெண்ணிற உலோகமே ஆடியாகப் பயன்பட்டது. அது மிக நொறுங்கும் தன்மை உடையது. வார்த்தபின் மிக மெதுவாகக் குளிரவைக்காவிட்டால் வெடித்துவிடும். நன்றாக மெருகேற்றினாலும் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கையே திருப்பி அனுப்பும். நாளடைவில் மங்கவும் செய்யும். மங்கினால் மீண்டும் மெருகேற்ற வேண்டும்.

மெருகேற்றுவது எளிய வேலையா? ஆடியின் மேற்பரப்பு வேண்டிய வடிவத்திலிருந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு விலகினாலும் பிம்பம் கெடத் தொடங்கும். லாசல் 1844-இல் அயர்லாந்து சென்று ராஸ் பிரபுவின் மெருகேற்றும் இயந்திரத்தைப் பார்த்துவந்தார். அதே போன்ற ஒன்றைத் தாமும் செய்து பார்த்தார், மனநிறைவு ஏற்படவில்லை. தேர்ந்த கைவினைஞரின் கை எவ்வாறு வளைந்து வளைந்து தேய்க்குமோ அவ்வாறே இயங்கும் புதிய இயந்திரம் ஒன்றைத் திட்டமிட்டார். நீராவிச் சம்மட்டியால் புகழ்பெற்ற பொறியாளர் ஜேம்ஸ் நாஸ்மித் அதை உருவாக்கித் தந்தார்.

லாசலின் மற்றொரு சாதனை, தொலைநோக்கியை நிறுத்திய முறை. பூமி சுழல்வதால் வானத்துப் பொருள்கள் கிழக்கிலிருந்து மேற்காக நகர்ந்துகொண்டே இருக்கின்றன. அக்காலப் பெரிய எதிரொளிப்புத் தொலைநோக்கிகள் கயிறுகளாலும் கப்பிகளாலும் ஏற்றி இறக்கப்பட்டன. ஒரு கோளைத் தொடர்ந்து பார்க்க வேண்டுமானால் குழாயை மேலும் கீழும், இடமும் வலமும் ஒரே நேரத்தில் நகர்த்த வேண்டும். லாசல் தம் தொலைநோக்கியைப் பூமியின் அச்சுக்கு இணையான ஓர் அச்சின்மேல் பொருத்தினார். அந்த ஓர் அச்சைச் சுற்றி மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தாலே போதும்; கோள் பார்வையை விட்டு விலகாது. சிறிய தொலைநோக்கிகளில் வழக்கத்திலிருந்த இந்த அமைப்பை இத்துணைப் பெரிய எதிரொளிப்புத் தொலைநோக்கிக்குக் கொண்டுவந்த முன்னோடி அவரே.

ஹெர்ஷலின் கடிதம்

1846 செப்டம்பர் 23-ஆம் நாள் இரவு, பெர்லினில் காலே என்னும் வானியலறிஞர் நெப்டியூனைக் கண்டுபிடித்தார். யுரேனஸ் தன் பாதையில் சற்றே பிறழ்வதைக் கொண்டு, புதிய கோள் இன்ன இடத்தில் இருக்க வேண்டும் என்று பிரான்சைச் சேர்ந்த லெவெரியே கணக்கிட்டுச் சொல்லியிருந்தார். சொன்ன இடத்திற்கு மிக அருகிலேயே கோள் இருந்தது.

அக்டோபர் முதல் நாள் ஜான் ஹெர்ஷல் லாசலுக்கு ஒரு கடிதம் எழுதினார். யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷலின் மகன் இவர். புதிய கோளுக்குத் துணைக்கோள்கள் உள்ளனவா என்று உடனே தேடிப் பார்க்குமாறு அதில் கேட்டுக்கொண்டிருந்தார். அக்டோபர் 10-ஆம் நாள் லாசல் அந்த ஒளிப்புள்ளியைக் கண்டார். நெப்டியூன் கண்டுபிடிக்கப்பட்டு அன்றைக்குப் பதினேழே நாட்கள்!

அதைக் காண்பது எத்துணைக் கடினம் என்று எண்ணிப் பாருங்கள். சுமார் 2 செ.மீ. குறுக்களவுள்ள ஒரு நாணயத்தை ஏறத்தாழ 2 கி.மீ. தொலைவில் நிறுத்திவைத்தால் எவ்வளவு சிறிதாகத் தெரியுமோ, நம் வானத்தில் நெப்டியூனும் அவ்வளவுதான். அந்த நாணயத்திலிருந்து ஒரு சாணுக்கும் குறைவான தூரத்தில், நாணயத்தைவிட ஏறக்குறைய 200 மடங்கு மங்கலாக ஒரு புள்ளி இருக்கிறது. அதைத்தான் அவர் லிவர்பூலின் புகை படிந்த வானத்தில் தேடிப் பிடித்தார்.

அது பின்னணியில் இருக்கும் வெறும் விண்மீனாக இருக்கலாம் அல்லவா? இதை அறிய ஒரு வழி உண்டு. நெப்டியூன் விண்மீன்களிடையே நகர்ந்துகொண்டிருக்கிறது. புள்ளி விண்மீனாக இருந்தால் பின்தங்கிவிடும். துணைக்கோளாக இருந்தால் கோளுடனேயே வரும். அத்துடன் கோளின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்திற்கு ஓர் ஒழுங்கான கால அளவில் மாறி மாறி வரும். லாசல் அடுத்துவந்த வாரங்களில் தொடர்ந்து கவனித்தார். பிறகு நெப்டியூன் சூரியனை நெருங்கிப் பார்வைக்கு மறைந்தது. 1847 ஜூலையில் மீண்டும் பார்த்தார். புள்ளி கோளைவிட்டு அகலவில்லை. 5 நாட்கள் 21 மணிக்கு ஒரு முறை கோளைச் சுற்றிவந்தது. அதே ஆண்டில் ரஷ்யாவின் புல்கோவோ வானாய்வகத்திலும் அமெரிக்காவின் ஹார்வர்டிலும் அது காணப்பட்டது. இன்று நாம் அதை டிரைட்டன் என்கிறோம்.

கோளை நிறுத்த தராசு

ஒரு சிறு புள்ளியைக் கண்டதில் இவ்வளவு மகிழ்ச்சி எதற்கு? கோளின் நிறையை அளக்கத் துணைக்கோளே நமக்குத் தராசு! கெப்ளரின் மூன்றாம் விதியை நியூட்டனின் ஈர்ப்பு விதியோடு சேர்த்துப் பார்த்தால், ஒரு கோளின் நிறை அதன் துணைக்கோளின் தூரத்தினுடைய முப்படிக்கு நேர்விகிதத்திலும், சுற்றுக்காலத்தினுடைய இருபடிக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்; நாமே கணக்கிடுவோம்.

நம் சந்திரன் பூமியிலிருந்து சராசரியாக 3,84,400 கி.மீ. தொலைவில் 27.32 நாட்களில் சுற்றுகிறது. டிரைட்டன் நெப்டியூனிலிருந்து சுமார் 3,54,800 கி.மீ. தொலைவில் 5.88 நாட்களில் சுற்றுகிறது. தூரங்களின் விகிதம் 0.923, அதன் முப்படி 0.786. காலங்களின் விகிதம் 27.32-ஐ 5.88-ஆல் வகுக்க 4.65, அதன் இருபடி ஏறத்தாழ 21.6. இரண்டையும் பெருக்கினால் 17. அதாவது நெப்டியூனின் நிறை பூமியின் நிறையைப் போல் சுமார் 17 மடங்கு! ஏறக்குறைய சம தூரத்தில் சுற்றும் இரு நிலவுகளில் ஒன்று மட்டும் இவ்வளவு விரைந்து ஓடுகிறது என்றால், அதை இழுத்துப் பிடித்திருக்கும் கோள் அவ்வளவு கனமானது என்பதே பொருள்.

லெவெரியே தம் கணக்கில் புதிய கோளின் நிறையைப் பூமியைப் போல் சுமார் 36 மடங்கு என்று கொண்டிருந்தார். உண்மை அதில் பாதிக்கும் குறைவு. கோள் இருக்கும் திசையைக் காகிதத்தில் கண்டுபிடிக்க முடிந்தது. ஆனால் அதன் நிறையை உறுதியாகச் சொல்ல லாசலின் மங்கலான புள்ளி தேவைப்பட்டது.

வளையம் என்ன ஆயிற்று?

இனி அந்த வளையத்திற்கு வருவோம். லாசல் அதை அக்டோபர் தொடக்கத்திலேயே கண்டதாக நினைத்தார். பின்னரும் பல இரவுகளில் கண்டார். அவருடைய தொலைநோக்கியில் பார்த்த நண்பர்கள் சிலரும் 'ஆம், வளையம் தெரிகிறது' என்றார்கள். 1847 தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் வானியல் பேராசிரியர் சாலிஸும் தம் தொலைநோக்கியில் அதைக் கண்டதாக அறிவித்தார். இதைவிட என்ன சான்று வேண்டும்? பலர் பார்த்தாயிற்று, பேராசிரியரும் ஒப்புக்கொண்டாயிற்று.

ஆனால் லாசல் அத்துடன் விடவில்லை. நிலவுக்கு வைத்த அதே உரைகல்லை வளையத்திற்கும் வைத்தார். 1852-இல் தெளிந்த வானத்தை நாடி 24 அங்குலத் தொலைநோக்கியை மத்தியதரைக் கடலில் உள்ள மால்டா தீவுக்கு எடுத்துச் சென்றார். அங்கே, குழாயை அதன் அச்சைச் சுற்றித் திருப்பிவைத்துப் பார்த்தபோது வளையத்தின் சாய்வும் மாறக் கண்டார். வளையம் நெப்டியூனைச் சேர்ந்ததாக இருந்தால் குழாயைத் திருப்புவதால் அது திரும்புமா? திரும்பாது. குழாயோடு சேர்ந்து திரும்புகிறது என்றால் அது வானத்தில் இல்லை, குழாய்க்குள்தான் இருக்கிறது! கனமான உலோக ஆடி தன் எடையாலேயே மிக நுண்ணிய அளவு வளைந்து, கோளின் பிம்பத்தை ஒரு திசையில் இழுத்து நீட்டியிருக்கிறது. அந்த நீட்சிதான் வளையமாகத் தோன்றியிருக்கிறது. இத்தகைய வளைவைத் தடுக்க, ஆடியின் பின்புறத்தைப் பல இடங்களில் தாங்கிப்பிடிக்கும் எடை கட்டிய நெம்புகோல்களை லாசலே உருவாக்கியிருந்தார். அப்படியும் பிழை முற்றிலும் ஒழியவில்லை. தாம் உலகுக்கு அறிவித்த வளையத்தை அவரே கைவிட்டார்.

கல்லூரியில் விலகு காந்தமானிச் சோதனை செய்த வாசகர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. காந்தத்தைக் கிழக்குக் கையில் வைத்து அளக்கிறோம். முனை மாற்றி வைத்து அளக்கிறோம். மேற்குக் கையில் வைத்து மீண்டும் அளக்கிறோம். ஒவ்வொரு முறையும் முள்ளின் இரு முனைகளையும் படிக்கிறோம். 'ஒரு தடவை பார்த்தால் போதாதா, சார்? எதற்கு எட்டு அளவீடுகள்?' என்று ஆண்டுதோறும் ஒரு மாணவராவது என்னிடம் கேட்பதுண்டு. கருவியை மாற்றிவைத்தால் மாறுவது எதுவோ, அது கருவியின் பிழை. எப்படி மாற்றினாலும் மாறாதிருப்பது எதுவோ, அதுவே இயற்கை சொல்லும் விடை. மால்டாவில் லாசல் குழாயைத் திருப்பியதும், ஆய்வகத்தில் நாம் காந்தத்தைத் திருப்புவதும் ஒரே செயல்தான்.

இருந்த நிலவுகளும் இல்லாத நிலவுகளும்

லாசலின் கண்டுபிடிப்பு டிரைட்டனோடு நிற்கவில்லை. 1848 செப்டம்பரில் சனியின் எட்டாவது துணைக்கோளைக் கண்டார். அதே வாரத்தில் ஹார்வர்டில் பாண்ட் என்னும் தந்தையும் மகனும் அதையே கண்டனர். அட்லாண்டிக் கடலுக்குக் குறுக்கே தந்திக் கம்பி போடப்படாத காலம். செய்தி கப்பலில்தான் போக வேண்டும். ஒருவரை ஒருவர் அறியாமல் நிகழ்ந்த கண்டுபிடிப்பு ஆதலால் மூவருக்கும் அப்பெருமை உரியதாயிற்று. அதற்கு ஹைப்பீரியன் என்னும் பெயரை முன்மொழிந்தவர் லாசல்.

1851 அக்டோபர் 24-ஆம் நாள் யுரேனஸின் அருகே இரு துணைக்கோள்களைக் கண்டார். அவற்றுக்கு ஜான் ஹெர்ஷல் ஏரியல், அம்பிரியல் என்று பெயரிட்டார். ஏரியல் இரண்டரை நாட்களிலும், அம்பிரியல் நான்கு நாட்களுக்குச் சற்று மேலாகவும் கோளைச் சுற்றுகின்றன.

இங்கும் மெய்யும் பொய்யும் கலந்திருந்தன. 1787-இல் யுரேனஸின் இரு பெரிய துணைக்கோள்களைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல், பிற்பாடு மேலும் நான்கு இருப்பதாக அறிவித்திருந்தார். அவ்வளவு பெரிய மேதையின் கூற்று என்பதால் அரை நூற்றாண்டு காலம் அந்த நான்கும் நூல்களில் இடம்பெற்றிருந்தன. மால்டாவின் தெளிந்த வானில் லாசல் தேடிப் பார்த்தார். ஹெர்ஷல் முதலில் கண்ட இரண்டும், தாம் கண்ட இரண்டும் மட்டுமே தெரிந்தன. ஹெர்ஷல் பிற்பாடு அறிவித்த நான்கும் உண்மையில் துணைக்கோள்களே அல்ல. யுரேனஸின் ஐந்தாவது துணைக்கோள் கிடைத்தது 1948-இல்தான். பெயர் பெற்றவர் சொன்னது என்பதற்காக லாசல் அதை ஏற்கவுமில்லை. அவரைக் குறைத்துப் பேசவுமில்லை. பார்த்தார், எழுதினார்.

பெரிய தொலைநோக்கி

லிவர்பூலின் ஆலைப் புகை நாளுக்கு நாள் பெருகியது. 1855-இல் நகரிலிருந்து இன்னும் விலகி வேறு வீட்டுக்குப் போனார் லாசல். பிறகு 48 அங்குல ஆடியைக் கொண்ட தொலைநோக்கியை உருவாக்கி, 1861-இல் மால்டாவில் நிறுவினார். ஆல்பர்ட் மார்த் என்னும் உதவியாளருடன் நான்கு ஆண்டுகள் அங்கே உழைத்து, 600 புதிய நெபுலாக்களைப் பட்டியலிட்டார். புதிய துணைக்கோள் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கிடைத்ததாக அவர் நினைத்துக்கொள்ளவும் இல்லை. நெப்டியூன் வளையம் புகட்டிய பாடத்தை மறக்காதவர் அவர்.

அரச வானியல் கழகம் 1849-இல் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. அதே ஆண்டில் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1870 முதல் 1872 வரை வானியல் கழகத்தின் தலைவராகவும் விளங்கினார். 1880 அக்டோபர் 5-ஆம் நாள் மறைந்தார். 48 அங்குலத் தொலைநோக்கி மால்டாவிலிருந்து திரும்பிய பிறகு மீண்டும் நிறுவப்படவே இல்லை; அதன் உலோக ஆடிகள் உடைக்கப்பட்டுப் பழைய உலோகமாயின.

இந்த வரலாற்றுக்குப் பின்னுரை ஒன்று உண்டு. 1989 ஆகஸ்டில் வாயேஜர் 2 விண்கலம் நெப்டியூனை நெருங்கிச் சென்று படங்கள் எடுத்தது. டிரைட்டனின் உறைந்த பரப்பிலிருந்து வாயுவும் தூசியும் பீச்சியடிப்பதை அது காட்டியது. கோளின் சுழற்சிக்கு எதிர்த்திசையில் சுற்றும் அந்த நிலவு, எங்கிருந்தோ வந்து நெப்டியூனிடம் அகப்பட்டுக்கொண்டதாக இருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. விண்கலம் இன்னொன்றையும் காட்டியது. நெப்டியூனுக்கு உண்மையிலேயே வளையங்கள் இருக்கின்றன!

அப்படியானால் லாசல் பார்த்தது சரிதானா? இல்லை. நெப்டியூனின் வளையங்கள் மிகவும் இருண்டவை, மெல்லியவை. லாசலின் தொலைநோக்கியால் அவற்றைக் காண இயலவே இயலாது. அவர் கண்டது ஆடியின் வளைவுதான். பிற்காலத்தில் உண்மை எப்படி வெளிப்பட்டாலும், அன்று கையிலிருந்த சான்றைக் கொண்டு அவர் வளையத்தைக் கைவிட்டதே சரி. தற்செயலாகப் பலித்துவிட்ட தவறு, தவறாகவே இருக்கும்.

அவ்வளையங்களுள் ஒன்றுக்கு, மங்கலாகவும் அகலமாகவும் பரவிக் கிடக்கும் வளையம் ஒன்றுக்கு, வானியலறிஞர்கள் லாசல் என்று பெயரிட்டிருக்கிறார்கள். அடுத்த முறை ஆய்வகத்தில் காந்தத்தை முனை மாற்றி வைக்கும்போது, அந்தப் பீர் ஆலை முதலாளியை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். எட்டாவது அளவீட்டையும் விடாமல் எடுங்கள்.